அந்தப் பள்ளிக்கூடம் யாருடையது?

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் நம் செயலாளர் என்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டுவிட்டார். "சார், அந்த ஸ்கூல் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க, எழுத்து எழுத்தா." அவரைக் குறை சொல்ல முடியாது. மஃபான்ட்சிபிம். ஒற்றும் ஆய்தமும் முட்டிக்கொண்டு நிற்கிற பெயர். ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்த கதை பாதிக்கு மேல் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது. அதனால் வெட்கப்படாமல் ஒரு தடவை எல்லோரும் சொல்லிப் பாருங்கள். மஃபான்ட்சிபிம். சரி, போதும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாடு. அதன் கடலோரத்தில் கேப் கோஸ்ட் என்று ஓர் ஊர். அங்கே இருக்கிறது இந்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. 1876 ஏப்ரல் 3ஆம் தேதி தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 2026 ஏப்ரலோடு 150 ஆண்டு. அந்த நாட்டிலேயே மூத்த உயர்நிலைப் பள்ளி என்று சொல்லப்படுவது இதுதான். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பள்ளிக்கூடம் என்றாலே நமக்கு ஒரு பைத்தியம். அதனால் இதைத் தேடிப் படித்தேன்.

பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அந்த ஊரைப் பார்த்துவிடலாம். கடலை ஒட்டி வெள்ளையடித்த பெரிய கோட்டை ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகுதான். கீழே இறங்கினால் பாதாள அறைகள். ஜன்னல் கிடையாது. அடிமைகளாக விற்கப் பிடித்துவந்த மனிதர்களைக் கப்பல் வரும்வரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அதே கோட்டைக்குள், மேல் பகுதியில், ஒரு சின்னப் பள்ளிக்கூடமும் நடந்தது. நடத்தியவர் அந்த ஊர்க்காரரேதான். பிலிப் குவாக்கு என்று பெயர். சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1765இல் ஆங்கிலிக்கன் சபையில் பாதிரியாராகி, அப்படிப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் என்ற பெயரோடு மறு வருஷம் ஊர் திரும்பியவர். ஐம்பது ஆண்டு அந்தக் கோட்டையில் இருந்தார். மேலே பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கீழே சங்கிலி. அந்த ஊரில் படிப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருகிற பிடிவாதங்கள் புரியும்.

1876க்கு வருகிறேன். மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையார், தங்கள் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பெயரில், வெஸ்லியன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்றைத் திறந்தார்கள். மாணவர்கள் 17 பேர். தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் பிகோ. அவருக்கு வயது எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 18. நம் ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் காலேஜ் என்று முழித்துக்கொண்டிருக்கிற வயது.

அடுத்த வருஷமே ஊருக்கு ஓர் அடி விழுந்தது. கோல்ட் கோஸ்ட் என்று அன்று பெயர் பெற்றிருந்த அந்தக் காலனியின் தலைநகரை 1877இல் ஆங்கிலேயர்கள் அக்ராவுக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்கக் கச்சேரியும் அதிகாரிகளும் போய்விட்டால் ஓர் ஊரில் என்ன மிச்சம் இருக்கும்? கேப் கோஸ்டில் மிஞ்சியது பள்ளிக்கூடம். பிற்பாடு ஒன்று பத்தாகி, இன்றைக்கும் கானாவில் படிப்புக்குப் பேர்போன ஊர் அதுதான்.

இனி கதாநாயகர். ஜான் மென்சா சார்பா. வெஸ்லியன் பள்ளியில் ஆரம்ப நாட்களில் படித்த பையன்களில் ஒருவர். இங்கிலாந்து போய் 1887இல் பாரிஸ்டர் ஆனார். கோல்ட் கோஸ்டிலிருந்து முதல் ஆப்பிரிக்க பாரிஸ்டர் அவர்தான். திரும்பிவந்தவர் அந்தக் கடலோரத்து ஃபான்டே இன மக்களின் வழக்காற்றுச் சட்டங்களைத் தொகுத்து 1897இல் புத்தகமாகப் போட்டார். எதற்கு என்று கேட்கலாம். 'உங்களுக்குச் சட்டம் ஏது, நாங்கள் வந்துதானே கொடுத்தோம்' என்று ஆங்கிலேயன் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு நிலங்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர ஒரு மசோதா வந்தது. ஊர்ப் பெரியவர்களும் படித்தவர்களும் கேப் கோஸ்டில் உரிமைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். சார்பா அந்த மசோதாவை எதிர்த்து வாதாடினார். ஃபீஸ் வாங்கவில்லை. லண்டனுக்கு ஒரு தூதுக்குழு போனது. மசோதா கைவிடப்பட்டது. நிலம் மக்களிடமே நின்றது.

நிலத்தைக் காப்பாற்றியாயிற்று, பள்ளிக்கூடம்? அதுதான் சார்பாவின் அடுத்த கவலை. மிஷன் பள்ளி அப்போது தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களே முதல் போட்டு, நாமே ஒரு பள்ளி நடத்துவோம் என்று அவரும் நண்பர்களும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள், பங்கு விற்று. தனியாக ஒரு பள்ளியும் ஆரம்பித்தார்கள். ஒரே சின்ன ஊரில் இரண்டு பள்ளி எப்படித் தாக்குப்பிடிக்கும்? 1905இல் சபையோடு பேசி இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அப்போது வைத்த பெயர்தான் நாம் சொல்லிப் பார்த்த பெயர். ஃபான்டே மொழியில் 'ஆயிரமாயிரம் ஃபான்டேக்கள்' என்பது நேர்ப்பொருள். ஓர் இனமே திரண்டு மறுபடி உயிர்பெறுவது என்பது உட்பொருள். 'வெஸ்லியன்' என்ற பெயர் போய், ஊராரின் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. பணம் சபையுடையது, பாதிரியார்தான் தலைமை ஆசிரியர், பைபிள் வகுப்பும் உண்டு. ஆனால் வாசல் பலகையில் ஊரார்.

குறிக்கோள் வாசகத்தையும் கவனியுங்கள். பக்கத்திலேயே அடிசடெல் கல்லூரி, 1910இல் வந்தது. வாசகம் லத்தீன். செயின்ட் அகஸ்டின் கல்லூரி, 1930. அதுவும் லத்தீன். இவை இரண்டுமே நல்ல பள்ளிகள், குறை சொல்லவில்லை. மஃபான்ட்சிபிம்மின் வாசகம் 'துவென் ஹ்வே கான்'. தாய்மொழி. 'யோசி, முன்னால் பார்.' மீன் விற்கிற அம்மா தன் பையன் சட்டையில் இருக்கிற சின்னத்தை யாரையும் கேட்காமல் புரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த ஒரு விஷயம் போதும் அந்தப் பள்ளியைப் பிடிப்பதற்கு.

பெயர் வைத்துவிட்டால் போதுமா? பெயர் வைத்த கொஞ்ச நாளிலேயே பள்ளி படுத்துவிட்டது. ஆசிரியர்கள் இல்லை. பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர்கள் எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆசிரியர் இல்லாமலே தாங்களாகப் பள்ளியை நடத்தினார்கள். நான் ஒரு வாத்தியார், எனக்குத் தெரியும். வாத்தியார் வரவில்லை என்றால் வகுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். அந்த எட்டுப் பையன்கள் மட்டும் அன்று மைதானத்துக்கு ஓடியிருந்தால் இந்தக் கூட்டமே இல்லை. பால்மர் என்ற பாதிரியார் வந்து தலைமை ஏற்ற பிறகு பள்ளி எழுந்து நின்றது. 'நம்பிக்கைக்குரிய எட்டுப் பேர்' என்று அவர்களை இன்றும் அங்கே சொல்கிறார்கள். கல்வெட்டில் ஏறவேண்டியவர்கள் என்று கவர்னர்களைத்தான் நினைப்போம். இங்கே மாணவர்கள் ஏறியிருக்கிறார்கள்.

சார்பா 1910இல் போய்விட்டார். 46 வயதுதான்.

அவர் போட்ட விதை விநோதமாகவும் முளைத்தது. கோபினா செச்சி என்று ஒருவர், இதே பள்ளிப் பையன். லண்டனில் தத்துவமும் சட்டமும் படித்தவர். 1915இல் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார், பாதி ஆங்கிலம், பாதி ஃபான்டே. லண்டனுக்குப் போய்வந்துவிட்டு நாக்கைச் சுழற்றிப் பேசுகிற சொந்த ஊர்ச் சீமாட்டிகளையும் சீமான்களையும் அதில் உரித்துத் தொங்கவிட்டார். இனி ஐரோப்பிய உடை உடுத்துவதில்லை என்று சபதமும் எடுத்துக்கொண்டார். அந்த வெயிலில் கோட்டும் டையும் கட்டுகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிப்பதோடு நிறுத்தாமல் தானும் கழற்றிப் போட்டார் பாருங்கள், அங்கேதான் அவர் நிற்கிறார்.

பள்ளி இன்றைக்கு இருப்பது ஒரு குன்றின் மேல். குவபோட்வே குன்று. லாக்ஹார்ட் என்ற தலைமை ஆசிரியர் காலத்தில், 1931இல், அங்கே குடியேறினார்கள். பழைய மாணவர்கள் பள்ளியின் பெயரைச் சொல்வதற்குப் பதில் 'குவபோட்வே' என்றே சொல்வதுண்டு. பள்ளி நிறம் கருஞ்சிவப்பு.

விடுதிப் பள்ளி என்பதால் பையன் சேரும்போது கூடவே ஒரு மரப்பெட்டி போகும். கானாவில் அதற்கு 'சாப் பாக்ஸ்' என்று பெயர். தின்பண்டப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் பூட்டு, பக்கத்தில் பையனின் பெயர் பெயின்டில். உள்ளே கரி. அடுப்புக்கரி இல்லை! மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, வறுத்த பொடி. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சர்க்கரையும் பால்பவுடரும் கலந்தால் ராத்திரி பசிக்கு ஆயிற்று. கூடவே ஷிட்டோ, கறுப்பாக ஒரு மிளகாய்த் தொக்கு. கருவாடும் இறாலும் போட்டு எண்ணெயில் சுண்டக் காய்ச்சியது. அம்மா கையால் கிண்டிக்கொடுத்த டப்பா. விடுதியில் படித்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த பையன்கள் இளையவர்கள் பெட்டியில் கைவைப்பதும், வேலை ஏவுவதும் ஆண்கள் விடுதி எங்கும் உள்ள வியாதி. இதைப் பாரம்பரியம் என்று பெருமையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். குமாசியில் பிறந்த ஒரு பையன் 1954இல் இந்தக் குன்றுக்கு வந்தான். சாப்பாட்டுக்கூடத்துச் சாப்பாடு சரியில்லை என்று பையன்களைத் திரட்டி உண்ணாவிரதம் இருந்தான். சாப்பாடு தேறியது. பெயர் கோஃபி அன்னான். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவன். பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளர், 2001இல் நோபல் பரிசு. எத்தனையோ நாட்டுத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசியவரின் முதல் பேச்சுவார்த்தை சோற்றுக்காக நடந்திருக்கிறது!

அப்போதைய தலைமை ஆசிரியர் ஃபிரான்சிஸ் பார்ட்டெல்ஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர், 1949இல். சார்பா செத்த அதே 1910இல் பிறந்தவர். நூறு வயது வாழ்ந்து 2010இல் காலமானார். சார்பா பெயர் மாற்றிய நாளிலிருந்து எண்ணினால் 44 வருஷம் கழித்துத்தான் ஊர்க்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. பெயரை மாற்றுவது சுலபம் போலிருக்கிறது.

அன்னான் பல மேடைகளில் சொன்ன ஒரு சம்பவம். தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வருகிறார். சுவரில் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை மாட்டுகிறார். அதில் ஓரமாகச் சின்னக் கறுப்புப் புள்ளி. என்ன தெரிகிறது என்று கேட்கிறார். வகுப்பே கத்துகிறது, கறுப்புப் புள்ளி! அவ்வளவு பெரிய வெள்ளைத் தாள் ஒருவன் கண்ணுக்கும் படவில்லையா என்று அவர் கேட்கிறார். நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கத்தோடு வந்திருக்கும், 'ஒரு பேராசிரியர்' என்று ஆரம்பித்து. அங்கே ஊர் இருக்காது, பேர் இருக்காது. அன்னான் சொன்னதில் ஊர் இருக்கிறது, பள்ளி இருக்கிறது. காலத்தையும் பாருங்கள். நாடு இன்னும் ஆங்கிலேயன் கையில். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கோபப்பட எல்லா நியாயமும் உள்ள பையன்கள். அவர்களிடம் போய்ப் புள்ளியை மட்டும் பார்க்காதே என்று ஒரு கறுப்பின ஆசிரியர் சொல்வது, வாட்ஸ்அப்பில் வருகிற அறிவுரை இல்லை. 1957 மார்ச் 6இல் கானா விடுதலை பெற்றது. அன்னான் பள்ளியை முடித்ததும் அந்த வருஷம்தான்.

அன்னானுக்கு முன்பே அங்கிருந்து ஒருவர் ஐ.நா. சபைக்குப் போயிருக்கிறார். அலெக்ஸ் குவைசன்-சாக்கி, 1964இல் பொதுச்சபைத் தலைவர். கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. கானாவின் பிரதமராக இருந்த கோஃபி புசியாவும் இந்தப் பள்ளிதான். பட்டியல் நீளம், இதோடு விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அதே சபையார் அதே ஊரில் பெண்களுக்கென்று வெஸ்லி பெண்கள் பள்ளியை ஆரம்பித்தது 1836இல். நாற்பது ஆண்டு மூத்த அக்கா. பெருமை பேசும்போது மட்டும் தம்பிதான் முன்வரிசையில் உட்காருகிறான்.

இப்போது பள்ளி யாருடையது? 2017லிருந்து கானாவில் உயர்நிலைப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஒரு காலத்தில் கடலோர வியாபாரக் குடும்பங்களும் வக்கீல் குடும்பங்களும் பிள்ளைகளை அனுப்பிய குன்றில் இப்போது வடக்கே எங்கோ உள்ள விவசாயி மகனும் ஏறுகிறான். 2024இல் நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் நடக்கும் அறிவியல்-கணித வினாடி வினாவில் இவர்கள் மூன்றாம் முறையாகக் கோப்பை வாங்கினார்கள். இறுதிச் சுற்றில் எதிரே நின்ற இரண்டு பள்ளிகளில் ஒன்று பக்கத்து செயின்ட் அகஸ்டின். அன்று ராத்திரி கேப் கோஸ்டில் பாதி ஊர் தூங்கியிருக்காது, மீதி ஊர் சாப்பிட்டிருக்காது.

விடுதிகளின் பெயர்களைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஃப்ரீமன்-அக்ரே. பால்மர்-அக்குவா. பார்ட்டெல்ஸ்-ஸ்னீத். இரண்டு இரண்டு பேராக, நடுவில் ஒரு சின்னக் கோடு. ஒரு விடுதிக்குப் பெயர் சார்பா-பிகோ. பிகோ, அந்தப் பதினெட்டு வயதுத் தலைமை ஆசிரியர். சார்பா, அங்கே படித்த பையன். பையன் பெயர்தான் முதலில். புதிதாக வருகிற சிறுவன் சாப் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்கக் குன்றேறி வந்து, அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே இறக்கி வைக்கிறான். பெட்டியில் பெயின்ட் இன்னும் சரியாகக் காய்ந்திருக்காது.

வணக்கம்.