லாக்மேயின் மணிப்பாட்டு: பாரிஸில் ஒரு புதிய மேடையேற்றம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லாக்மே என்ற பெயரைக் கேட்டதும் உதட்டுச்சாயமும் கண்மையும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். டாட்டா குழுமம் 1952-இல் தொடங்கிய அந்த அழகுசாதன நிறுவனத்துக்கு ஒரு பிரெஞ்சு ஓபராவின், அதாவது பாடிக்கொண்டே நடிக்கும் இசை நாடகத்தின், பெயரைத்தான் வைத்தார்கள். இன்று நான் பேசப்போவது அந்த ஓபராவைப் பற்றி. குறிப்பாக, 2022-இல் பாரிஸ் ஓபரா கோமிக் அரங்கில் லோரான் பெல்லி என்ற இயக்குநர் அதைப் புதிதாக மேடையேற்றிய விதத்தைப் பற்றி. அதன் காணொளிப் பதிவைப் பார்த்த பிறகு, பல வருடங்களாக நான் ரசித்துவந்த ஒரு பாட்டை முன்பு மாதிரி கேட்க முடியவில்லை. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கும் இந்தியா. நீலகண்டன் ஒரு பிராமணப் பூசாரி. அவருடைய வழிபாட்டை ஆட்சியாளர்கள் தடை செய்துவிட்டார்கள், அதனால் மறைவான ஒரு தோட்டத்தில் அதைத் தொடர்கிறார். அவருடைய மகள்தான் லாக்மே. ஒருநாள் ஆங்கிலேயர் சிலர் மூங்கில் வேலியை உடைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குள் நுழைகிறார்கள். அவர்களில் ஜெரால்ட் என்ற இளம் ராணுவ அதிகாரி ஒருவன். ஆளுநரின் மகளுக்கும் அவனுக்கும் ஏற்கெனவே கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவனும் லாக்மேயும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், மனம் போய்விடுகிறது. அந்நியன் காலடி பட்டுத் தோட்டம் தீட்டுப்பட்டுவிட்டது, அவனைக் கொன்றே தீருவேன் என்று அப்பா சபதம் செய்கிறார். சந்தையில் அவனைக் கத்தியால் குத்தியும் விடுகிறார். பிழைத்தவனைக் காட்டுக் குடிசைக்குக் கொண்டுபோய் லாக்மே பச்சிலை வைத்துக் குணப்படுத்துகிறாள். கடைசியில் அவன் மனம் தன் படையோடு போய்விட்டதைப் புரிந்துகொண்டு, ஊமத்தை இலையைக் கடித்து உயிரை விடுகிறாள்.

இசை அமைத்தவர் லியோ தெலீப். கொப்பேலியா பாலே மூலம் பெயர் வாங்கியவர். 1883 ஏப்ரல் 14 அன்று இதே ஓபரா கோமிக்கில்தான் முதல் அரங்கேற்றம். எத்மோன் கோந்தினேயும் ஃபிலிப் ஜீலும் எழுதியது. இந்தக் கதைக்கு ஒரு வேர், தஹீத்தி தீவுப் பெண்ணுக்கும் ஐரோப்பியக் கடற்படை அதிகாரிக்கும் நடக்கும் காதலைச் சொல்லும் பியேர் லோத்தியின் நாவலில் இருக்கிறது. பசிபிக் கடல் தீவிலிருந்து கதை இந்தியாவுக்கு மாறிவிட்டது. ஆக, இந்த இந்தியா பாரிஸில் உட்கார்ந்து கற்பனை செய்த இந்தியா. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்ஸின் கையில் இருந்தன, உண்மையான இந்தியாவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. ஆனால் நாடகத்துக்கு அது தேவைப்படவில்லை. தோட்டத்தில் பிள்ளையார் சிலை இருக்கிறது, கதவில் தாமரை இருக்கிறது, துர்க்கையையும் சிவனையும் பிள்ளையாரையும் அழைத்து லாக்மே வேண்டுகிறாள். அப்புறம் இரண்டாம் அங்கத்தில் விஷ்ணு பிரம்மாவின் மகன் என்று பாடுகிறாள்! உந்தித் தாமரையில் பிரம்மா பிறந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வரி வரும்போது தூக்கிவாரிப்போடும்.

இந்தக் கற்பனை இந்தியாதான் லாக்மேயை மேடையேற்றுவதில் பெரிய சிக்கல். காலங்காலமாகப் பனைமரம், கோபுரம், பளபளக்கும் சேலை, நெற்றியில் கல் என்று மேடையை நிரப்புவார்கள். ஜனங்கள் அதை விரும்பிப் பார்க்கவும் செய்தார்கள். ஓபரா கோமிக்கில் மட்டும் 1931-க்குள் ஆயிரம் தடவை நடந்த ஓபரா இது. ஆனால் அந்தப் பளபளப்பில் லாக்மே என்கிற பெண் காணாமல் போய்விடுவாள். அவளும் மேடையில் வைத்த ஓர் அலங்காரப் பொருள் ஆகிவிடுவாள்.

பெல்லி அந்த அலங்காரத்தை எல்லாம் எடுத்துவிட்டார். காகிதம், துணி, மூங்கில், வெள்ளையும் வெளிர்மஞ்சளும், அவ்வளவுதான் மேடை. எந்த ஊர் என்று சொல்ல முடியாத இடம். சபின் தெவியெல் பாடும் லாக்மே வெள்ளை உடையில் வருகிறாள், ஒரு மூங்கில் கூண்டுக்குள். தெய்வ அருள் பெற்றவள் என்று ஊர் கும்பிடுகிறது, வெளியே வரத்தான் வழியில்லை. இந்தக் கூண்டைப் பார்த்ததும் எனக்கு ஓபரா முழுவதும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. தடை செய்யப்பட்ட காதல் என்று நாம் சொல்கிறோம். காதல் வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணின் குரல், உடம்பு, நடமாட்டம் எல்லாமே தடைக்குள்தான் இருந்திருக்கின்றன.

முதல் அங்கத்தில் லாக்மேயும் தோழி மல்லிகாவும் சேர்ந்து பாடும் பூப்பாட்டை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். ஒரு விமான நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு பெண் குரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஓடத்தில் அசைவதுபோலப் போகும். மல்லிகையும் ரோஜாவும் பின்னிய பந்தல், ஓடை, நீலத்தாமரை என்று வார்த்தைகளும் இனிமைதான். ஆனால் விளம்பரத்தில் கேட்காத ஒரு நடுப்பகுதி அதில் உண்டு. அங்கே லாக்மே சட்டென்று சொல்கிறாள்: அப்பா தனியாக ஆங்கிலேயர்களுடைய சபிக்கப்பட்ட நகரத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது, நடுங்குகிறேன் என்று. பிள்ளையார் அவரைக் காப்பாற்றுவார் என்று மல்லிகா தேற்றுகிறாள். அதன்பின் பழைய மெட்டு திரும்ப வருகிறது. அந்தப் பயத்தைக் கேட்ட காதோடு இரண்டாம் முறை அந்த மெட்டைக் கேளுங்கள், பாட்டு வேறாக இருக்கும். ரஃபாயெல் பிஷோன் நடத்தும் பிக்மாலியோன் குழு பழங்காலத்து வாத்தியங்களில் வாசிக்கிறது. ஒலி மெலிதாக இருப்பதால் வார்த்தைகள் மூழ்காமல் கேட்கின்றன.

இனி மணிப்பாட்டு. சோப்ரானோ எனப்படும் மிக உயர்ந்த குரல் கொண்ட பாடகிகளுக்கு இது பெரிய பரீட்சை. தொடக்கத்தில் வார்த்தையே கிடையாது, குரல் மட்டும் தனியாக ஏறி இறங்கும். பிறகு கதை, அப்புறம் குரலே சின்னச் சின்ன மணிகளாக உதிரும். கச்சேரிகளில் இதைத் தனியாகப் பாடுவார்கள். உச்ச ஸ்தாயியைத் தொட்டு முடிக்கும்போது அரங்கமே கைதட்டும். நானும் அப்படித்தான் கேட்டுவந்தேன்.

ஓபராவுக்குள் இந்தப் பாட்டு எங்கே வருகிறது தெரியுமா? சந்தையில். நீலகண்டன் பிச்சைக்காரன் வேஷத்தில் இருக்கிறார். வேலியை உடைத்தவன் யார் என்று அவருக்குத் தெரியாது. மகளைக் கூட்டத்தின் நடுவே பாடவைத்தால், அவள்மேல் ஆசைப்பட்டு வந்தவன் அந்தக் குரலைக் கேட்டுத் தானாகத் தன்னைக் காட்டிக்கொடுப்பான், அப்போது குத்திவிடலாம் என்பது அவர் திட்டம். நம் பக்கத்தில் கௌதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள், அந்தச் சத்தத்துக்குக் காட்டுக் கௌதாரி வந்து கண்ணியில் விழும். அதே வேலைதான். பாட்டின் கதையைப் பாருங்கள்: தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண் இரவில் காட்டில் நடந்துபோகிறாள். வழிதப்பிய அந்நியன் ஒருவனைக் கொடிய மிருகங்கள் சூழ்ந்துகொள்கின்றன. இவள் மணிகள் கோத்த கோலை ஆட்டி மிருகங்களை மயக்கி அவனைக் காப்பாற்றுகிறாள். அவன்தான் விஷ்ணு. ஓர் அந்நியனைக் காப்பாற்றிய பெண்ணின் கதையைப் பாடவைத்து, ஓர் அந்நியனைக் கொல்வதற்கு வலை விரிக்கிறார் அப்பா.

முதல் முறை பாடி முடித்ததும் அவன் வரவில்லை. கைதட்டலோடு நாம் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். ஓபரா நிற்பதில்லை. பாடு, இன்னும் பாடு என்கிறார் அப்பா. அவள் திரும்பத் தொடங்குகிறாள். அதே மணிகள், ஆனால் இப்போது மூச்சு தடுமாறுகிறது, வரி உடைகிறது. அவனைப் பார்த்ததும் வாய்விட்டுக் கத்திவிடுகிறாள். அந்த ஒரு சத்தத்தில் அவன் மாட்டிக்கொண்டான். தெவியெல் இந்த இரண்டாம் முறையைப் பாடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். உதடு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கண்கள் கூட்டத்துக்குள், அவன் வந்துவிடக் கூடாதே என்று தேடுகின்றன. எத்தனை பெரிய பாடகிகளின் ஒலிப்பதிவில் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், ஜோன் சதர்லாண்ட் உட்பட. குரலின் அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் இது ஒரு கொலைக்குக் குரலை வாடகைக்கு எடுத்த பாட்டு என்பதை எனக்கு உறைக்கவைத்தது இந்த மேடையேற்றம்தான்.

ஜெரால்டும் அவளைச் சரியாகப் பார்த்தவன் இல்லை. ஆற்றுக்குப் போகும் முன் அவள் கழற்றி வைத்த நகைகளைத்தான் அவன் முதலில் பார்க்கிறான். மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவற்றைப் படம் வரைய உட்கார்ந்து, இந்த வளையலைப் போட்டிருந்த கை எப்படி இருக்கும், இந்தச் சலங்கை கட்டிய பாதம் எப்படி இருக்கும் என்று கற்பனையில் மயங்கிப் பாடுகிறான். அருமையான பாட்டு. ஆனால் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவன் காதலித்துவிட்டான், தான் கற்பனை செய்த ஒருத்தியை. ஃப்ரெதெரிக் அந்தூன் இந்தப் பாத்திரத்தைக் கெட்டவனாகக் காட்டவில்லை, அது சரியான முடிவு. நல்லவன்தான், அவளுக்காக ஊரை விட்டு வரும் துணிவு மட்டும் இல்லை.

மூன்றாம் அங்கம் எனக்கு மிகவும் பிடித்தது. காட்டில், சேர்ந்து குடித்தால் பிரியாமல் இருப்பார்கள் என்று நம்பப்படும் புனித ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர லாக்மே போகிறாள். அந்த நேரம் பார்த்து நண்பன் வந்து, படை கிளம்புகிறது, கலகத்தை அடக்கப் போகிறோம் என்று நினைவூட்டுகிறான். தூரத்தில் ராணுவக் குழலும் முரசும் கேட்கின்றன. அவள் தண்ணீரோடு திரும்பி வரும்போது ஜெரால்டின் காது அந்த முரசில் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவன் பார்க்காத நேரத்தில் ஊமத்தை இலையைப் பறித்துக் கடிக்கிறாள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இந்தியாவின் விஷச்செடி. நமக்கு ஊமத்தை சிவன் தலையில் பிறையோடு சூடுகிற பூவும்கூட. அவள் துர்க்கையோடு சேர்த்து அழைத்த அதே சிவன். எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்று தெரியாது, எனக்கு அந்தக் காட்சி அதனால் இன்னும் கனக்கிறது.

அப்பா கத்தியோடு வருகிறார். நாங்கள் புனித நீரைச் சேர்ந்து குடித்துவிட்டோம், தெய்வங்களுக்குப் பலி வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, காதலனைக் கடைசி மூச்சிலும் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். மகள் நித்திய வாழ்வு பெற்றுவிட்டாள் என்று நீலகண்டன் பரவசத்தில் பாடுவதோடு திரை. மகள் பிணமாகக் கிடக்கும்போது ஒரு தகப்பன் அப்படிப் பாடுவதை எந்த மேடையேற்றத்திலும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

பெல்லியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஊரின் அடையாளத்தை எடுத்தபோது, நீலகண்டனின் கோபத்துக்கான காரணமும் கொஞ்சம் மங்கிவிட்டது. அவர் வெறும் கொடுமைக்காரத் தகப்பன் இல்லை. தன் கோயிலை இழந்தவர், தன் நாட்டில் ஒளிந்து சாமி கும்பிடுகிறவர். காகித உலகத்தில் ஆங்கிலேயர் கேலிக்குரிய சுற்றுலாக்காரர்களாகத் தெரிகிறார்கள், ஆள்கிறவர்களாகத் தெரியவில்லை. அவர்கள் அதிகாரம் கண்ணில் பட்டால்தானே அப்பாவின் வெறி எங்கிருந்து வந்தது என்று புரியும்? நீலகண்டனாகப் பாடும் ஸ்தெஃபான் தகூவின் குரலில் இருக்கும் துயரம் இதைப் பாதி ஈடுகட்டுகிறது, மீதி விட்டுப்போகிறது. இந்திய இயக்குநர் ஒருவர் இந்த ஓபராவை எடுத்துச் செய்தால் அந்த மீதியைப் பிடிப்பார் என்று நினைக்கிறேன், அதைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

இந்த மேடையேற்றம் டிவிடியாகக் கிடைக்கிறது. ஓபரா பழக்கமில்லாதவர்கள் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் அங்கத்தின் சந்தைக் காட்சியில் தொடங்குங்கள். மணிப்பாட்டு முடிந்து கைதட்டல் வந்ததும் நிறுத்திவிடாமல், அப்பா மறுபடி பாடச் சொல்வதிலிருந்து ஜெரால்ட் குத்துப்பட்டு விழும் வரை விடாமல் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.