டர்பன் கொல்லையில் ஒரு கேலக்ஸி

[காட்சி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுக் கொல்லை. துணிக்கொடி அவிழ்த்துச் சுருட்டியிருக்கிறது. நடுவில் ஆறு அங்குல டாப்சோனியன் வகை டெலஸ்கோப்.]

வணக்கம். டெலஸ்கோப் வாங்கிய புதிதில் பலரும் சனியின் வளையத்தைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். அடுத்து கேலக்ஸி தேடப் போய் ஏமாந்து நிற்பார்கள். டர்பன்காரர்கள் எம்83 என்ற கேலக்ஸியிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் தெற்கு அட்சரேகை 30 பாகைக்குச் சற்றுக் குறைவு. வானத்தின் நடுக்கோட்டிலிருந்து எம்83 தெற்கே இருப்பதும் அதே அளவில்தான். அதனால் அது நம் உச்சந்தலைக்கு நேர் மேலே கடந்து போகிறது. காற்றுமண்டலம் குறைவாகக் குறுக்கிடும் இடம் அது.

[காட்சி: வான வரைபடம்.]

மே நடுவில் இரவு பத்து மணிவாக்கில் உச்சிக்கு வரும். சென்டாரஸ் விண்மீன் குழுவின் மென்கென்ட், ஹைட்ரா விண்மீன் குழுவின் காமா, இந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவே, மேற்கே சற்று ஒதுங்கித் தேடுங்கள். நேர் உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ பாருங்கள்.

இதன் பிரகாச எண் (குறையக் குறைய ஒளி கூடும்) ஏறக்குறைய 7.5 என்று பட்டியலில் இருக்கும். அந்த எண்ணை நம்பி நட்சத்திரம் போலப் பளிச்சென்று தேடாதீர்கள். அவ்வளவு ஒளியும் நிலாவின் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பரவிக் கிடக்கிறது. நகர வெளிச்சத்தில் வானம் வெளுத்தால் அந்த மெல்லிய படலம் கரைந்துபோகும். நான் இதை முதலில் பார்த்ததே லோட்ஷெடிங் (மின்வெட்டு) இரவு ஒன்றில்தான், தெருவே இருண்டு கிடந்தபோது. நகர வெளிச்சம் எட்டாத டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போக வாய்ப்பிருந்தால் விடாதீர்கள்.

கண்ணாடி சிறியதாயிற்றே என்று தயங்க வேண்டாம். இதே எம்83-ஐ 1752இல் கேப் டவுனிலிருந்து கண்டுபிடித்த பிரெஞ்சு வானியலாளர் லகாய் வைத்திருந்தது அரை அங்குலக் கண்ணாடி!

[காட்சி: கறுப்புத் துண்டால் தலையை மூடி, ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) குனிந்திருக்கும் சிறுமி.]

போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் இருங்கள். உருப்பெருக்கம் குறைவான ஐபீஸைப் போடுங்கள். படத்தில் வரும் சிவப்பும் நீலமும் தெரியாது. திருநீறு பட்ட விரலைக் கறுப்புத் துணியில் ஒற்றி எடுத்த மாதிரி ஒரு தடம், அவ்வளவுதான்.

என் மகள், “ஒண்ணுமே இல்லப்பா” என்றாள்.

“நேரா பாக்காதம்மா. கொஞ்சம் தள்ளிப் பாரு, கடைக்கண்ணால.”

மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அசைவு கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும் என்பதால் குழாயை விரலால் லேசாகத் தட்டினேன்.

“ஆடுதுப்பா! அங்க இருக்கு!”