உஸ்பெக் கல்யாணத்தில் கைமாறுவதும் எழுதி வைக்காததும்

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, மாலையைக் கழற்ற மறந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, நேரத்துக்கு வந்து முன்வரிசையை நிறைத்த மாதர் சங்கத்துத் தாய்மார்களே, ஒலிபெருக்கித் தம்பியே, வணக்கம்.

உஸ்பெக் கல்யாணத்தில் கைமாறும் கலின், சர்போ, செப் என மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். கலின் நம்முடைய பரிசம் மாதிரி. பணம், ஆடு, பெண்வீட்டு விருந்துக்கு அரிசி, மாவு, எண்ணெய் எல்லாம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும். பெற்றவளுக்குத் தனியாக 'சூத் ஹகி', பால்கூலி. உஸ்பெக்கியரும் வாழ்ந்த மத்திய ஆசியப் பகுதியான துர்கிஸ்தானில் சோவியத் அரசு 1921-லேயே கலினைத் தடை செய்தது. அது அன்பளிப்பு என்று பெயர் மாற்றிக்கொண்டது. அன்பளிப்புக்கு ஏது ரசீது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

சர்போ பாரசீகச் சொல், தலைமுதல் கால்வரை. மாப்பிள்ளைக்குத் தொப்பி, சோப்பான் அங்கி, இடுப்புத் துணி, காலணி. இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் செய்யவேண்டும். ஒரு சித்தி விட்டுப்போனாலும் வருத்தம்தான். அளவு தெரியாமல் தைக்காத துணியாகக் கொடுத்தால், அது அப்படியே அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும்.

தெற்கு உஸ்பெகிஸ்தானில் பாய்சுன் பக்கத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை பெண்ணிருக்கும் அறையை நெருங்குகிறார். உள்ளே உர்ர்ர்... நாயல்ல, பெண்கள்! 'நாய் உறுமல்' என்றே அதற்குப் பெயர். காசு வைத்தால் அடங்கும். அடுத்து வாசற்படியில் குறுக்கே ஒரு பாட்டி, செத்தவள் போல. 'கம்பிர் ஒல்தி', கிழவி செத்தாள். தாண்டக் கூடாது, தூக்கவும் கூடாது, காசு வைக்கவேண்டும். காசு குறைந்தால் கிழவிக்கு உயிர் வராது! பிறகு பெண்ணின் கூந்தலைத் தொட ஒரு காசு, கையைப் பிடிக்க ஒரு காசு. வாங்கிக்கொள்வது யங்கா எனும் தோழிப்பெண்கள். இதற்கெல்லாம் கணக்கு வேண்டாம், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கணக்கு வேண்டியது செப்புக்கு, அதாவது பெண்வீட்டுச் சீருக்கு. பெட்டகம், கோர்பா எனும் பஞ்சு மெத்தைகள், சுசானி பூவேலைத் துணி எல்லாம் பெண்ணோடு மாமியார் வீட்டுக்குப் போய் அங்குள்ளவற்றோடு கலந்துவிடுகின்றன. மணமுறிவு வந்தால் எந்தக் கோர்பா யாருடையது? 2019-இல் உஸ்பெகிஸ்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விருந்தினர் 200, ஊர்வலக் கார் 3 என்று வரம்பு கட்டின. காரைத் தெருவில் நின்றே எண்ணலாம். பெட்டகத்துக்குள் இருப்பதை?

நம் நாட்டில் 1985 முதல் விதி இருக்கிறது: பெண்ணுக்கு வந்தவை ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தவை ஒரு பட்டியல்; பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, மணமக்கள் இருவர் கையெழுத்து. மொய் நோட்டில் ஐம்பது ரூபாயை விடாமல் எழுதுகிறோம், இதை எழுதுவதில்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். செப்பை முழுதாகச் சொல்ல நேரமில்லை. பட்டியல் படிவம் வாசலருகே மேசையில் இருக்கிறது, வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.