பழைய விறகு அடுப்பை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம்? ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வி, ஏற்காடு நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஓட்டு வீடு, மாமியார் காலத்து மண் அடுப்பு, அதோடு ஒட்டிய கோடி அடுப்பு, புகைபோக்கி கிடையாது. மழைக்காலத்தில் சமையல்கட்டில் நிற்க முடியவில்லை, அத்தைக்கு இருமல் விடுவதே இல்லை. வீட்டுக்காரர் இந்த அடுப்புக்கே ஒரு குழாய் வைத்துவிடலாம் என்கிறார், மகன் இடித்துத் தள்ளு, கேஸ் மட்டும் போதும் என்கிறான். யார் சொல்வது சரி?

ரெண்டு பேர் சொல்வதும் பாதி சரி அக்கா. அதற்கு முன்னால், உங்கள் வீட்டு விறகு எதற்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். மலையில் பல வீடுகளில் சோறு குழம்புக்குப் போவதைவிட வெந்நீருக்குத்தான் அதிகம் போகும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மார்கழியில் தொட்டித் தண்ணீரில் கையை வைக்க முடியுமா? மகன் சொல்கிறபடி எல்லாவற்றையும் கேஸில் செய்தால், 20 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 75 கிராம் கேஸ் ஆகும், நாலு பேர் குளித்தால் தினமும் 300 கிராம், ஆக 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதத்தில் வெந்நீருக்கே காலி. கேஸுக்கு மாறிய பிறகும் ஜனங்கள் திரும்ப விறகு பொறுக்கப் போவது இதனால்தான், சமையல் பிடிக்காமல் இல்லை.

அதனால் நான் சொல்வது, சமையலைக் கேஸுக்கு மாற்றுங்கள், வெந்நீருக்கு மட்டும் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்திலோ பின்பக்கச் சார்ப்பிலோ, புகைபோக்கி வைத்து ஒரு அடுப்பு கட்டுங்கள். உள்ளே இருக்கிற அடுப்பை எடுத்துவிடலாம்.

வீட்டுக்காரர் சொல்கிற குழாய் ஏன் ஆகாது என்றால், நம் மண் அடுப்பில் மூன்று குமிழ் இருக்கும், பாத்திரம் அதன் மேல் உட்காரும், சுற்றிலும் இடைவெளி. புகை அந்த இடைவெளியிலேயே வெளியே வந்துவிடும், அப்புறம் குழாய்க்கு எங்கே போகும்? புகைபோக்கி இழுக்க வேண்டுமானால் பாத்திரம் அடுப்பு வாயில் அடைத்தாற்போல உட்கார வேண்டும், புகைக்கு வேறு வழியே இருக்கக்கூடாது. எனவே புதிதாகக் கட்டும்போது அண்டாவை வைத்து அளவெடுத்தே வாயைக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனாரிடம் இதை விடாமல் சொல்ல வேண்டும், சும்மா விட்டால் வழக்கப்படி குமிழ் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

குழாய் 4 அங்குலம், தகரக் குழாய் போதும். கூரையின் முகட்டுக்கு மேல் ரெண்டு அடியாவது போக வேண்டும், இல்லாவிட்டால் மலைக்காற்று அடிக்கும்போது புகை திரும்ப இறங்கும். கூரை ஓட்டைத் துளைக்க வேண்டாம், குழாய் போகிற இடத்தில் ஓடு ஒன்றை எடுத்துவிட்டு, அங்கே தகரம் வைத்து, அதில் துளை போட்டு அதன் வழியே விடுங்கள். சூடான குழாய் ரீப்பர் கட்டையைத் தொடக்கூடாது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாள்பட நாள்பட கட்டை கருகித் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். மாதம் ஒரு தடவை கோணியைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுத்துக் கரியை எடுங்கள். 1980களில் அரசுத் திட்டத்தில் புகையில்லா அடுப்பு கட்டினார்களே, அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் குழாய் யார் வீட்டிலாவது கிடந்தால் வாங்காதீர்கள், அறுத்தால் வருகிற தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இனி விறகு. அடுப்பை மாற்றினாலும் விறகு ஈரமாக இருந்தால் புகை அதேதான். காபித் தோட்டத்தில் மழைக்கு முன்னால் சில்வர் ஓக் கவாத்து செய்வார்களே, அந்தக் கிளைதான் உங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் எரிகிறது. வெட்டின மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம், அது காய்வதற்குள் மழை வந்துவிடும். இந்த வருஷக் கிளையை அடுத்த வருஷத்துக்கு என்று சார்ப்பில் அடுக்குங்கள். ரெண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், டங்கென்று கேட்டால் காய்ந்தது, தொப்பென்று கேட்டால் ஈரம். எரியும்போது நுனியில் நுரை கட்டிச் சீறினால், நீங்கள் தண்ணீரைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேஸ் வைக்கும்போது ஒன்று. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரையை ஒட்டி ஒரு திறப்பு வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காதீர்கள், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும்.

அத்தை இருமலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். பீடி சிகரெட்டே தொடாத பெண்களுக்கும் வருஷக்கணக்கில் விறகுப் புகையால் சிஓபிடி என்கிற மூச்சு நோய் வருகிறது. டாக்டரிடம் போகும்போது எத்தனை வருஷம் விறகு அடுப்பில் சமைத்தார் என்று நீங்களே சொல்லுங்கள், அவர்கள் கேட்கத் தவறலாம். அப்புறம், குளிர் என்று கணப்புச் சட்டியில் தணலை அள்ளி மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. புகை தெரியாது, வாசனை தெரியாது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அத்தை இன்னொன்றும் சொல்வார், புகை நின்றால் ஓட்டுக் கட்டை உளுத்துப்போகும் என்று. அதில் உண்மை இருக்கிறது, புகை பூச்சியை அண்டவிடாது. முந்திரிக்கொட்டை எண்ணெயை ஒரு பூச்சு பூசிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

பழைய அடுப்பை உடைத்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். வெந்து சிவந்த கட்டிகளை இடித்துச் சலித்துப் புது களிமண்ணோடு கலந்தால் வெடிப்பு குறையும். கட்டுவதைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு முதல் சில நாள் சுள்ளி மட்டும் போட்டு மெதுவாக எரியுங்கள், உடனே பெரிய கட்டையை வைத்தால் அடுப்பு பிளந்துவிடும்.