தண்டனைக் கணக்கை யார் போடுகிறார்கள்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது. கடைசி வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள், நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

பெண்களுக்கு எதிரான குற்றங்களில் சிறைத் தண்டனை நியாயமாகவும் ஒரே சீராகவும் இருக்கிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சீராக இல்லை. அதைச் சொல்ல ஒரு கூட்டம் தேவையில்லை, தினமும் பேப்பர் படித்தாலே தெரியும். ஏன் சீராக இல்லை என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மகிளா நீதிமன்றம், மதியம் மூன்று மணி. போக்சோ வழக்கு, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. பாதிக்கப்பட்ட சிறுமியின் தரப்பில், அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நான் நின்றேன். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நீதிபதி அறிவித்துவிட்டு, கூண்டில் நின்றவனைப் பார்த்து, "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். எல்லோரும் சொல்வதை அவனும் சொன்னான். வயதான அம்மா இருக்கிறார், பிள்ளைகள் சின்னது, நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன், பார்த்துக் குறைத்துக் கொடுங்கள் ஐயா. அது அப்படியே டைப் ஆனது. எனக்குப் பின்னால் பெஞ்சில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறுமியின் தாய் என் கவுனை இழுத்தார். "அவன்கிட்ட கேட்டாங்களே வக்கீலம்மா, அடுத்தது என்கிட்ட கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள். குற்றவாளியிடம் கேட்டே ஆக வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2)ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது 258(2) என்று நம்பர் மாறி அப்படியே இருக்கிறது. கேட்பதில் எனக்குச் சண்டையே கிடையாது. ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்காத கோர்ட் கோர்ட்டே இல்லை. ஆனால் அவன் சொன்னதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தள்ள வேண்டும், வயதான அம்மாவுக்கு எத்தனை மாதம் கழிக்கலாம்? இதற்கு எங்கேயும் அளவுகோல் கிடையாது. பழக்கடைத் தராசுக்குக்கூட வருஷா வருஷம் முத்திரை போடுகிறார்கள்.

1983 வரை பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்ச தண்டனை என்று ஒன்றே இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு ஆதிவாசிப் பெண்ணைக் காவல் நிலையத்திலேயே வைத்துச் சீரழித்த வழக்கில் இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதைக் கண்டித்து 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. அப்புறம்தான் 1983இல் குறைந்தபட்சம் 7 ஆண்டு, காவலில் நடந்தாலோ கூட்டாகச் செய்தாலோ 10 ஆண்டு என்று சட்டம் வந்தது. கூடவே ஒரு சின்ன வாசலையும் திறந்து வைத்தார்கள்: "போதுமான, சிறப்பான காரணங்கள்" இருந்தால், அதை எழுதிவைத்துவிட்டு நீதிபதி அதற்கும் கீழே போகலாம்.

அந்த வாசல் வழியாக என்னென்ன நுழைந்தது என்று பாருங்கள். கர்நாடகத்தில் ஏழெட்டு வயதுக் குழந்தையைச் சீரழித்தவனுக்கு விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது. உயர் நீதிமன்றம் 4 ஆண்டாகக் குறைத்தது. என்ன காரணம்? படிப்பறிவு இல்லாதவன், நலிந்த பிரிவைச் சேர்ந்தவன், குடிக்கு அடிமை, அன்றைக்கும் போதையில் இருந்தான், வீட்டில் வயதான தாயும் மனைவி மக்களும் இருக்கிறார்கள். குடித்திருந்தால் கழிவு! 2000இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து 10 ஆண்டையே திரும்பக் கொண்டுவந்தது.

சரி, உச்ச நீதிமன்றம் திருத்திவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. 2011இல் பஞ்சாபிலிருந்து ஒரு கூட்டு வன்கொடுமை வழக்கு அதே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குறைந்தபட்சம் 10 ஆண்டு கொடுக்க வேண்டிய குற்றம். சம்பவம் நடந்து 14 வருஷம் ஆகிவிட்டது, இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள் என்று சொல்லி, ஏற்கெனவே சிறையில் இருந்த சுமார் மூன்றரை வருஷமே போதும், ஆளுக்கு 50,000 ரூபாய் கொடுங்கள் என்று முடித்துவிட்டார்கள். 2013இல் இன்னொரு அமர்வு, சமரசத்தைக் காரணமாக எடுக்கக் கூடாது என்றது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வருஷத்தில் இரண்டு நியாயம்.

நம் ஊரும் சளைத்ததில்லை. கடலூர் மகிளா நீதிமன்றம் 7 ஆண்டு தண்டித்த ஒருவருக்கு 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. எதற்கு? பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரச மையத்தில் உட்கார்ந்து பேச! அந்தப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை, கையில் ஒரு குழந்தை. பேச முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசப் பேச்சுக்கே இடமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நம் உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

சட்ட ஆய்வாளர் மிருணாள் சதீஷ் 1984 முதல் 2009 வரையிலான தீர்ப்புகளை எடுத்துவைத்து ஆராய்ந்திருக்கிறார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, செய்தவன் தெரிந்தவனா, இதையெல்லாம் பொறுத்துத் தண்டனை கூடியும் குறைந்தும் இருக்கிறது. செய்தவன் என்ன செய்தான் என்பதோடு, இவள் எப்படிப்பட்டவள் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள்.

டெல்லி பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு, 2013இல், அந்த வாசலை மூடிவிட்டார்கள். நல்லது. 2018இல் குறைந்தபட்சம் 10 ஆண்டாக ஏறியது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் 20. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றமும் 10ஐ 14 ஆக்கி மசோதா நிறைவேற்றியது. ஏலத்தில் கேட்பது மாதிரி எண் ஏறிக்கொண்டே போகிறது. கை தட்டுகிறோம்.

நான் கை தட்டுவதை நிறுத்திப் பல நாளாயிற்று. வாசலை மூடினால் உள்ளே இருந்த காற்று ஜன்னல் வழியாகப் போகும். தண்டனையில் குறைக்க முடியாது என்றால் பிரிவிலேயே குறைத்துவிடலாம். 2021இல் பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு என்ன செய்தது? சிறுமியின் உடைக்கு மேலே தொட்டது போக்சோவில் வராது, தோலோடு தோல் படவேண்டும் என்றது. விசாரணை நீதிமன்றம் கொடுத்த 3 ஆண்டு ஒரே நாளில் 1 ஆண்டானது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3 ஆண்டைத் திருப்பிக் கொடுத்தது. செயல் மாறவில்லை, அதன் மேல் ஒட்டிய லேபிள்தான் மாறியது. அந்த வழக்கு டெல்லி வரை போனதால் தெரிந்தது. முதல் தகவல் அறிக்கை எழுதும்போதே, "பெரிய பிரிவு போட்டால் பொண்ணு பேரு கெட்டுடும்" என்று சொல்லிச் சின்னப் பிரிவு போடுவதை எந்தக் கோர்ட் பார்க்கிறது?

இன்னொரு ஜன்னல், விடுதலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, விசாரணை முடிந்த பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை 27 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. நூறு பேர் தீர்ப்பைக் கேட்க வந்தால் எழுபதுக்கு மேல் வீட்டுக்குப் போகிறார்கள். அதில் நிரபராதிகளும் இருப்பார்கள், மறுக்கவில்லை. முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிப்போன அம்மாக்களும் இருக்கிறார்கள். மீதி 27 பேருக்கு 10 ஆண்டா 14 ஆண்டா என்றுதான் சட்டமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குறைந்தபட்சத் தண்டனை தப்பான ஆளையும் அடிக்கும். பத்தொன்பது வயதுப் பையன், பதினேழு வயதுப் பெண், காதலித்து ஊரைவிட்டுப் போனவர்கள். பெண் வீட்டார் புகார் கொடுத்தால் போக்சோ. பையனுக்கு 10 ஆண்டுக்குக் குறையாது. பெண், "நானாகத்தான் போனேன்" என்று கூண்டில் அழுதாலும் நீதிபதி கை கட்டப்பட்டவர். இந்த மாதிரி வழக்குகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2019இலும் 2021இலும் கவலை தெரிவித்திருக்கிறது. மேற்கு வங்க வழக்கு ஒன்றில், 2025 மே மாதம், குற்றவாளி என்று உறுதி செய்த பிறகும் சிறைக்கு அனுப்பாமல் விட உச்ச நீதிமன்றம், முழு நீதிக்காகத் தனக்கு மட்டும் சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. மாவட்ட நீதிபதியிடம் அந்தப் பிரிவு கிடையாது.

இப்போது ஒரு விலைப்பட்டியல் சொல்கிறேன். பாலியல் வன்கொடுமையை அந்நியன் செய்தால் 10 ஆண்டுக்குக் குறையாது. பிரிந்து வாழும் கணவன் அதையே செய்தால் 2 முதல் 7 ஆண்டு. ஒரே வீட்டில் இருக்கும் கணவன், மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், பூஜ்யம். குற்றமே இல்லை. 2024 ஜூலையில் நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்தபோதும் இந்தப் பட்டியலில் கை வைக்கவில்லை. சீரான தண்டனை வேண்டும் என்பவர்கள் இங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.

அதிகாரம் இருந்தால் என்ன விலை? 2021இல் ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரியிடம் தவறாக நடந்த சிறப்பு டிஜிபிக்கு விழுப்புரம் நீதிமன்றம் 2023இல் 3 ஆண்டு கொடுத்தது. அது பெரிய விஷயம்தான். ஆனால் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன அந்த அதிகாரியின் காரைப் பரனூர் சுங்கச்சாவடியில் மறித்த எஸ்பிக்கு? 500 ரூபாய் அபராதம். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய்.

வாச்சாத்திக்கு வருகிறேன். இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடிகளின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், மொத்தம் 269 பேர் உள்ளே போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். புகாரை எடுக்கவே ஆளில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்டுத் தோழர்களும் போராடி, வழக்கு சிபிஐக்குப் போய், தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருஷம். அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் செத்துப்போனார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்ட 17 பேரில் 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு. மேல்முறையீட்டில் இன்னும் பன்னிரண்டு வருஷம் போய், 2023இல், அதே செப்டம்பர் 29இல், உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன வயதில் இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள்.

அண்ணா பல்கலைக்கழக வளாக வழக்கைப் பக்கத்தில் வையுங்கள். 2024 டிசம்பர் 23இல் சம்பவம், 2025 ஜூன் 2இல் தண்டனை. ஆயுள், அதில் 30 ஆண்டு எந்தக் குறைப்பும் கிடையாது. வேகத்தில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் வக்கீல் புத்தி சும்மா இருக்காதே: தண்டனைக் குறைப்பே இல்லாமல் இத்தனை ஆண்டு என்று கட்டிவைக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் என்று 2015இல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஸ்ரீஹரன் வழக்கு, ராஜீவ் கொலை வழக்கில் வந்த அதே தீர்ப்பு. மேல்முறையீடுகளில் இந்தக் கேள்வி வரும். பலமாகத் தெரியும் எண் எங்கே பலவீனமாக இருக்கிறது என்று கூட்டம் கலைந்த பிறகுதான் தெரிகிறது.

எண்ணைச் சிறை வாசலிலும் மாற்றலாம். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கும் கொலைக்கும் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை, 2022 சுதந்திர தினத்தன்று மாநில அரசு வெளியே விட்டது. இனிப்பும் மாலையும் கொடுத்து வரவேற்றதை டிவியில் பார்த்தோம். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து திரும்ப உள்ளே அனுப்பியது, பாதிக்கப்பட்ட பெண் மறுபடியும் கோர்ட் படி ஏறியதால்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் தண்டனை கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது, எதற்காகக் கூட்டுவது, எதற்காகக் குறைப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீதிபதி விலகினால் ஏன் விலகினேன் என்று சொல்ல வேண்டும். இங்கே குற்றவியல் நீதி பற்றி அரசு அமைத்த குழுக்களில், 2003இல் மலிமத் குழுவும், 2008இல் மாதவ மேனன் குழுவும் இதைக் கேட்டுவிட்டார்கள். 2024இல் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசிடம் ஒரு தண்டனைக் கொள்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அப்படி ஒரு கொள்கையை எழுதும் ஏட்டில் எனக்கு முதலில் வேண்டியது, எந்தக் காரணத்தை எழுதவே கூடாது என்ற பட்டியல். குடித்திருந்தான், அவள் முன்பே பழகியவள், இப்போது கல்யாணமாகிவிட்டது, பணம் கொடுத்துவிட்டார்கள். இந்த நாலையும் சிவப்பு மையில் அடித்துவிட வேண்டும். அப்புறம், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடமும் ஒரு கேள்வி.

அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லை என்றேன். அன்றைக்கு 10 ஆண்டு கடுங்காவல் கொடுத்தார்கள். வராந்தாவில் நின்று, "பத்து வருஷம்னா எப்ப வருவான்?" என்று கேட்டார். அவர் கொடுத்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ரிமாண்டில் இருந்த மூன்று மாதம் கழியும். நன்னடத்தைக்குக் கழியும். மகளுக்குச் சம்பவத்தின்போது வயது 11, தீர்ப்பு நாளில் 16. அவன் வெளியே வரும்போது 23, 24 இருக்கும். "அதே தெருவுக்குத்தானே வருவான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "வரும்போது எங்களுக்குச் சொல்லுவாங்களா?"

போலீஸ் சொல்ல வேண்டும் என்று போக்சோ விதியில் இருக்கிறது. என் இருபது வருஷத்தில், எந்த வீட்டுக்கும் யாரும் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. "என் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொன்னேன்.

கேள்விகள் இருந்தால் மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.