மூச்சை விடுங்க, சார்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் 31 வருஷமாக ஆண்களுக்குத் துணி தைத்துவருகிறேன். வருங்கால ஆண்களின் உடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, மினுமினுக்கும் துணியோ விளக்கு எரியும் சட்டையோ என் மனதுக்கு வரவில்லை. கழுத்தில் தொங்குகிற இன்ச் டேப்தான் வந்தது.

டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுபோனதும் ஆண்கள் ஒரு காரியம் செய்வார்கள். மூச்சை இழுத்து நெஞ்சைத் தூக்குவார்கள். வயிறு உள்ளே ஒட்டிக்கொள்ளும். பத்தாவது படிக்கிற பையனும் செய்வான், பென்ஷன் வாங்குகிற பெரியவரும் செய்வார். "மூச்சை விடுங்க, சார்" என்பேன். விட்ட பிறகுதான் சரியான அளவு கிடைக்கும். இழுத்த மூச்சுக்குத் தைத்த சட்டை பந்தியில் உட்கார்ந்ததும் பொத்தான் தெறித்துவிடும்.

அந்த இழுத்த மூச்சைத்தான் நாங்கள் கோட்டாகத் தைக்கிறோம். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் கேன்வாஸ் வைப்போம். தோளில் பேட் வைப்போம். அதைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினாலும் நெஞ்சு நிமிர்ந்தபடியே இருக்கும். உள்ளே ஆளே வேண்டாம்.

ஆணின் உடை ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் வைத்த காலணி போட்டவர். சரிகையும் பட்டு நாடாவும் அவர் காலத்து ஆண்களுக்குப் பெருமை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பிய ஆண்கள் நிறத்தையும் பூவேலையையும் பெண்களிடம் விட்டுவிட்டுக் கறுப்புக்குள் போனார்கள். ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930-இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் ஆண்களின் பெருந்துறவு என்று சொல்லலாம். அந்தத் துறவு நம் வீடுகளுக்கும் வந்தது. என் தாத்தா கடுக்கன் போட்டிருந்தார். மில் வேலைக்குப் போன அப்பா போடவில்லை. என் மகன் கல்லூரிக்குப் போன வருஷம் காது குத்திக்கொண்டு வந்தான். அப்பா அவனைக் கூப்பிட்டுத் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து கடுக்கனைத் தேடினார்.

கடையில் எல்லா அப்பாக்களும் அப்படி இல்லை. கல்யாணத்துக்கு ரோஸ் கலர் பட்டுச் சட்டை கேட்ட ஒரு தம்பியைப் பார்த்து, "இன்னாடா இது, பொம்பள கலரு?" என்று கேட்டார் அவன் அப்பா. தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளின் பத்திரிகை ஒன்று, 1918-இல், ரோஸ் அழுத்தமான நிறம், அதனால் ஆண்குழந்தைக்கு ஏற்றது, நீலம் மென்மையானது, பெண்குழந்தைக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வருங்கால ஆணுக்கு உடை வரைந்து பார்த்தவர்கள் நமக்கு முன்பே உண்டு. இத்தாலிய ஓவியர் ஜியாக்கோமோ பல்லா 1914 மே மாதம் இதற்கென்றே ஓர் அறிக்கை எழுதினார். துக்க வீட்டுக் கறுப்பு வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வெட்ட வேண்டாம், நிறம் கத்த வேண்டும், மனநிலைக்கு ஏற்றபடி ஒட்டவும் எடுக்கவும் துணித்துண்டுகள் வேண்டும் என்றார். படித்தபோது என் கை பரபரத்தது. ஆனால் அதே வருஷம் செப்டம்பரில், போர் மூண்ட பிறகு, அதே யோசனையைப் போருக்கான உடையாக மாற்றி எழுதினார். ஆணை ஆவேசப்படுத்தும் துணி அவருக்குத் தேவைப்பட்டது. ஐம்பது வருஷம் கழித்து பியர் கார்தென் என்ற பாரீஸ் உடை வடிவமைப்பாளர் விண்வெளிக் காலத்து உடைகளைத் தைத்தார். ஜிப் வைத்த, உடம்பை ஒட்டிய உடைகள். வெட்டு அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனாலும் ஒருவர் கற்பனையில் ஆண் போர்வீரன், மற்றவர் கற்பனையில் விண்வெளி வீரன். நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலை இரண்டு பேருக்கும் ஒழியவில்லை.

பெண்ணிலிருந்து ஆணைப் பிரித்துக் காட்டியதைவிட, ஓர் ஆணை இன்னோர் ஆணுக்குக் கீழே நிறுத்தத்தான் உடை அதிகம் பயன்பட்டிருக்கிறது. இதை நம் ஊரே அறியும். 1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. உள்ளூர்க்காரர் அந்தக் காலணியோடு வரக் கூடாதாம். அவர் விடவில்லை. வழக்கு பாரீசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போய், அவர் பக்கம் தீர்ப்பானது. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. அதே வருஷம் தமிழ்நாடு அரசு அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. காலணி போட்டதால் ஒருவரை நிறுத்தினார்கள், வேட்டி கட்டியதால் இன்னொருவரை நிறுத்தினார்கள்.

வேட்டியைப் புகழ்ந்துவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் வருகிறவர், பெரிய மனிதர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடுகிறார். அது மரியாதை என்கிறோம். யாருக்கு யார் இறக்கிவிட வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த காலமும் உண்டு. தோளில் துண்டு போட உரிமை இல்லாமல் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஆண்கள் நம் மாவட்டங்களிலும் இருந்தார்கள். அவர்களுக்கு மூச்சை இழுக்கவும் அனுமதி இல்லை.

இன்னொரு பக்கமும் நம் ஊருக்கு உண்டு. புதுச்சேரியில் நெய்து, அவுரியில் சாயம் தோய்த்த நீலத்துணியைக் 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணி பணம்போலவே புழங்கியது, அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். பாலைவன ஓரத்தில் ஒட்டகம் மேய்த்த ஆண்கள் அதை அகல அங்கியாகத் தைத்துத் தொளதொளவென்று போட்டுக்கொண்டார்கள். சாயம் தோலில் ஒட்டும். அவ்வளவு கடினமான வாழ்க்கை வாழ்ந்தவர்கள், லூசாக உடுத்தினால் ஆண்மை குறையும் என்று நினைக்கவில்லை.

இனி வரும் காலத்தில் வெயில்தான் பெரிய டைலர். 2005-இல் ஜப்பான் அரசு, கோடையில் அலுவலக ஏசியை 28 டிகிரியில் வையுங்கள், டையும் கோட்டும் வேண்டாம் என்று அறிவித்தது. பிரதமரே டை இல்லாமல் வந்தார். முதுகில் இரண்டு சின்ன ஃபேன் வைத்த ஜாக்கெட்டும் அந்த நாட்டில் விற்கிறார்கள், வெயிலில் வேலை செய்கிறவர்களுக்காக. காற்று உடம்பைச் சுற்றி ஓடி வேர்வையை உலர்த்தும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர் அதைக் கொண்டுவந்து காட்டினார், போட்டுப் பார்த்தேன். நம் கடற்கரையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை சுலபத்தில் உலராது, ஃபேன் பாதி வேலைதான் செய்யும். இருந்தாலும் வெயிலில் நிற்கிற ஆணுக்கும் வேர்க்கும், அவனுக்கும் மயக்கம் வரும் என்று ஒத்துக்கொண்டு ஒருவர் உடை தைத்திருக்கிறார். எனக்கு அது பிடித்தது. இங்கே சித்திரை வெயிலில் கோட் சூட்டில் நிற்கும் மாப்பிள்ளைகளுக்குக் கழுத்துப்பட்டியைத் துடைத்துவிட்டு அனுப்புகிறேன். குறிஞ்சிப்பாடியில் நெய்த கைலியை வீட்டில் நிம்மதியாகக் கட்டிக்கொள்கிறவர், மரியாதைக்காக என்று அதை அவிழ்த்துவிட்டு இறுக்கமான பேண்ட்டுக்குள் போகிறார். மரியாதை ஏன் வேர்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்க ஆசை.

நான் தைத்ததிலேயே வருங்கால உடை என்று நம்புவது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போன வருஷம் கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கடலுக்குப் போகிறவர், நல்ல அகலமான தோள். குழந்தை குறைமாதத்தில் பிறந்து 1,600 கிராம்தான் இருந்ததாம். மனைவிக்கு ஆபரேஷன் ஆகி உடம்புக்கு முடியவில்லை. குழந்தையை வெறும் மார்போடு மார்பாக வைத்துக்கொள்ள அப்பாவையும் சொல்லியிருக்கிறார்கள். கங்காரு முறை என்பார்கள். 1978-இல் கொலம்பியாவில், போகோட்டா நகரத்து மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாதபோது தொடங்கியது, தோலின் சூட்டில் குழந்தை தேறும். பெண்கள் நிறைந்த வார்டில் மேல்சட்டை இல்லாமல் உட்கார இவருக்குக் கூச்சம். "அதுக்கு ஒரு சட்டை தெச்சுத் தர முடியுமா, அண்ணா?" என்றார்.

அன்று கடையை எட்டு மணிக்கே சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பொத்தான் குழந்தையின் தோலில் அழுந்தும் என்று பொத்தானை விட்டேன். ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்று இத்தனை வருஷம் நான் பார்த்துப் பார்த்து வைத்த பொத்தான் அது. முன்பக்கம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, விலாவில் நாடா முடிச்சு. உள்ளே குழந்தையைத் தாங்க அகலமான பனியன் துணிப் பட்டி. பாக்கெட் கிடையாது. கேன்வாஸ் கிடையாது. தையல் விளிம்பு குழந்தையை உராயாமல் இருக்க, எல்லாத் தையலையும் வெளிப்பக்கம் திருப்பினேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும்.

அளவு எடுக்கும்போது அவரும் வழக்கம்போல மூச்சை இழுத்தார். மூச்சை விடுங்க என்றேன். விட்டார், டேப் நகர்ந்ததும் மறுபடி இழுத்தார். ஒரு டர்க்கி டவலைச் சுருட்டிக் குழந்தை மாதிரி மார்பில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தோள் முன்னால் வளைந்தது, மூச்சு தானாக இறங்கியது. அந்த அளவைத்தான் நோட்டில் எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தார். இன்னொரு சட்டை வேண்டுமாம். குழந்தை எடை கூடிவிட்டது, முன்பக்கம் இரண்டு இன்ச் லூஸ் வைக்க வேண்டும் என்றார்.

நன்றி, வணக்கம்.