அம்மாவின் கேக் தட்டும் சுழலும் ரோலர் கோஸ்டரும்

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனியில் இருந்துதான் கதைக்கிறேன், பின்னால் கேட்பது ரயில், கொஞ்சம் பொறுங்கள்... சரி, போய்விட்டது.

இன்றைக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஹாலிவுட்டின் புது ரோலர் கோஸ்டர், ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்: ஹாலிவுட் டிரிஃப்ட். திறப்பு 2026இல் என்று அறிவித்ததில் இருந்து கட்டுமான வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறேன். வேகம் மணிக்கு 115 கிலோமீட்டராம், அதோடு வண்டி 360 பாகையும் சுழலுமாம். பக்கத்திலேயே குடியிருப்புகள் இருப்பதால் சத்தத்தைக் குறைக்கவும் தண்டவாளத்தில் வேலை செய்திருக்கிறார்கள். எங்கள் ரயிலுக்கும் யாராவது அதைச் செய்தால் புண்ணியம்.

எனக்கு வேகத்தை விட அந்தச் சுழற்சியில்தான் கண். ஏனென்று காட்டுகிறேன். இது அம்மா ஐசிங் போடும் சுழல் தட்டு, இதில் இரண்டு தேசிக்காயை எதிரெதிராக வைத்து மேசையில் தள்ளி டக்கென்று நிறுத்துகிறேன், பாருங்கள், தட்டு அசையவில்லை. இப்ப இரண்டையும் ஒரே பக்கம் வைத்து அதே மாதிரி... பார்த்தீர்களா, எப்படித் திரும்புகிறது! பழைய சுழல் கோஸ்டர்கள் பலவும் இப்படித்தான், வண்டி தன் பாட்டில் சுற்றும், ஒரு பக்கம் பாரம் கூடினால் வளைவுகளில் சுழற்சியும் கூடும். மெலிந்த நானும் எங்கள் பெரிய மாமாவும் எதிரெதிரே இருந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் மிசூரியில் டைம் டிராவலர் என்று ஒன்று 2018இல் வந்தது. கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரத்தில் இருந்து நேர்குத்தாக விழும், மூன்று தடவை தலைகீழாகும், அதற்குள் சுழற்சியும். கண்டபடி சுற்றாமல் இருக்க வண்டியில் காந்தம் வைத்து அடக்கியிருக்கிறார்கள். ஆனாலும் எந்தப் பக்கம் பார்த்தபடி விழப்போகிறீர்கள் என்பது அந்த நேரத்து விதி.

டிரிஃப்ட் வேறு கதை. வளைவில் வண்டியின் பின்பக்கம் சரியான இடத்தில் வழுக்கினால்தானே டிரிஃப்ட், அதைத் தேசிக்காயின் கையில் விடமுடியாது. அதனால் இதில் சுழற்சியை இயந்திரம்தான் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன். அது அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிற அந்தக் குழப்படிதான் எனக்குப் பிடிக்கும். இரண்டாம் தடவை ஏறும்போதும் வயிறு கலங்கவேண்டும் இல்லையா?

வயிறு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சின்ன வயதில் காலிமுகத்திடலில் ஐந்து இஸ்ஸோ வடை சாப்பிட்ட கையோடு ஒரு கார்னிவலில் சுழலும் கோப்பையில் ஏறினேன். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. உள்காதில் இருக்கிற திரவம் நாம் நின்ற பிறகும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும், அதனால்தான் இறங்கியும் தலை சுற்றுகிறது. அன்றைக்கு வீட்டில் அந்த விளக்கத்தை யாரும் கேட்கவில்லை.

விசா, டிக்கெட் காசு எல்லாம் பெரிய தலையிடி, நான் போக எப்படியும் நாளெடுக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிற பெரியம்மாவின் மகன் முதல் கிழமையே ஏறி வீடியோ அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், வந்ததும் போடுகிறேன்.

அம்மா உள்ளே இருந்து தட்டைக் கேட்கிறார், நாளைக்குப் பிறந்தநாள் கேக் ஒன்றுக்கு ஓடர் இருக்கிறது. கழுவாத தேசிக்காயை அதில் வைத்ததற்கு ஏற்கனவே ஏச்சு வாங்கியாச்சு.